சிங்கனுக்கும் ஒரு படம் வேண்டும்

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி, பாட்டாலும் ஆட்டத்தாலும் கதையை நடத்திச் செல்லும் இசை நாடகம். மேலைநாட்டு ஆப்பராவுக்கு நிகராக நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு இதைத்தான் காட்டவேண்டும். உலா வரும் குற்றாலநாதர்மேல் பந்தாடும் வசந்தவல்லி காதல் கொள்கிறாள். குறத்தி சிங்கி வந்து மலைவளம் பாடி, குறி சொல்லி, பரிசு பெறுகிறாள். அதன்பின் பறவை பிடிக்க வந்த சிங்கன், மனைவி சிங்கியைக் காணாமல் தவித்து, தோழன் நூவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு தேடி அலைகிறான். கண்டுபிடித்தபோதோ அவள் உடம்பெல்லாம் நகை! சிலம்பைப் பார்த்து, விரியன் பாம்பு காலைக் கடித்துக் கிடக்கிறதோ என்று மிரளுகிறான். குறி சொல்லிச் சம்பாதித்த சிலம்பு என்று சிங்கி நிமிர்ந்து பதில் சொல்கிறாள். நல்லதோர் இசை நகைச்சுவைப் படத்துக்கான உயிர் இந்தப் பிற்பகுதியில்தான் இருக்கிறது.

நம் சினிமாவுக்குக் குறவஞ்சி தெரியாததல்ல. 1994இல் வந்த ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் வசந்தவல்லியின் அழகைப் பாடும் பகுதி ஒலித்தது, சிங்கன் வரவில்லை. 1791இல் வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆப்பராவிலும் ஒரு பறவைபிடிப்பவன் துணை தேடித் தவித்துச் சிரிப்பூட்டுகிறான். அதை 1975இல் படமாக்கிய இங்மர் பெர்க்மன், இடைவேளையில் மேடைக்குப் பின்னால் பாடகர்கள் பொழுதுபோக்குவதையும் சேர்த்துக் காட்டினார். கதையும் அதை நடிப்பவர் வாழ்வும் ஒன்றாகக் கலக்கும் அந்த வழி குறவஞ்சிக்கும் பொருந்தும். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து ஒத்திகை பார்க்கும் ஒரு நாடகக் குழுவைக் கதையின் நடுவில் வைத்தால் போதும்.

இறைவன்மேல் பாடிய நூலில் கேலி தகுமா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேலியை எழுதியவரே குற்றாலத்துக்குத் தலபுராணமும் பாடிய பக்தர். பக்தியும் சிரிப்பும் அவருக்குப் பகையாகப் படவில்லை. குறவர் வாழ்வைக் கேலிப்பொருளாக்கிவிடும் என்ற அச்சம் இன்னும் கனமானது. அதற்கான காவல் நூலிலேயே உண்டு: தன் மலையின் பெருமையைப் பாடுபவளும், தன் உழைப்பின் கூலியை மறைக்காமல் சொல்பவளும் சிங்கிதான். அவள் அறிவுக்கு முன் சிங்கனின் காதல் திணறுவதே நகைச்சுவை. அவர்கள் பிறப்பு அல்ல. இந்த வரம்பை மீறும் படம் மூலத்துக்கே துரோகம் செய்யும். பழைய இசை கொண்ட படத்தை யார் பார்ப்பார்கள் என்றால், நாதஸ்வரத்தையும் பரதத்தையும் நகைச்சுவையோடு கலந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இலேயே பதில் சொல்லிவிட்டது. கதையும் பாட்டும் களமும் தயாராக இருக்கின்றன. சிங்கனையும் சிங்கியையும் நாயகனும் நாயகியுமாக மதிக்கும் இயக்குநர்தான் வேண்டும்.