காணிகள் காட்டிய செடி

1987. அகத்தியமலைக் காட்டுக்குள் தாவர ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் ஏற்றத்தில் களைத்துப்போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினரோ சிறு காய்களை மென்றபடி தெம்பாக நடந்தார்கள். அது என்ன காய் என்ற கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத ரகசியம் அது. வற்புறுத்திக் கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள்: ஆரோக்கியப்பச்சை.

அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் புஷ்பாங்கதன். பின்னர் அவர் இயக்குநராக இருந்த, கேரளத்தின் பாலோடு என்ற ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், அச்செடியுடன் அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய் கட்டணமும் விற்பனையில் 2 சதவீத ராயல்டியும் தர ஒப்புக்கொண்டு உரிமம் பெற்றது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு! 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-ல்தான். சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே பங்கு கொடுத்த அந்த நேர்மையை உலகம் பாராட்டியது, பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் மலையில் முணுமுணுப்பு எழுந்தது.

செடியைக் காட்டியவர்கள் சிலர்; அறிவோ சமூகம் முழுவதற்கும் சொந்தம். மற்ற ஊர்க் காணிகள் தங்களை யாரும் கேட்கவில்லை என்றார்கள். மருத்துவம் பார்க்கும் பிலாத்திகளுக்கு, தங்கள் வித்தை கடைச்சரக்கானதில் வருத்தம். காட்டில் இலை பறிக்க வனத்துறை தடைபோட்டதால் வருமானமும் தடுமாறியது. பணத்தைப் பகிர்ந்தது சரி. அனுமதியை ஊர்கூடிக் கேட்காததுதான் பிழை.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் இந்தக் கசப்பை இன்னும் கடுமையாக அனுபவித்தவர்கள். பசியடக்க அவர்கள் உண்ட ஹூடியா செடியைக் காட்டி, அவர்களைக் கேட்காமலே அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று காப்புரிமை வாங்கியது. போராடிய பின் 2003-ல்தான் பங்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2017-ல் அவர்களே ஆய்வாளர்களுக்கு விதி எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை என்ற ஐந்தும் அதன் அடிப்படை. எந்த ஆய்வுத் திட்டமும் முதலில் தங்கள் மன்றத்துக்கு வர வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

காணிகள் நெல்லை, குமரி மலைகளிலும் வாழ்கிறார்கள். பாரம்பரிய அறிவின் மீது பழங்குடிச் சமூகத்துக்கு உள்ள உரிமையை 2006-ன் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. மலையேறும் ஆய்வு மாணவர்கள் அந்த உரிமையை மதித்து முதலில் ஊர்க்கூட்டத்தில் அனுமதி கேட்கட்டும். முடிவுகளை அச்சேற்றும் முன் அவர்களிடம் காட்டட்டும். ‘வேண்டாம்’ என்று ஊர் சொன்னால், திரும்பி வந்துவிடட்டும்.