ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும் கல்யாணங்கள்

2025 மார்ச் மாதம் தமிழ்நாடெங்கும் கைபேசிகளில் ஒரு காணொளி சுற்றியது. அஞ்செட்டி அருகே ஒரு மலைக்கிராமத்தில், கதறி அழும் 14 வயதுச் சிறுமியை ஓர் ஆள் தூக்கிக்கொண்டு போகிறார். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பிள்ளை. சில நாள் முன்புதான் 29 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவருக்கு அவளைப் பெங்களூருவில் வைத்துக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஊர் திரும்பியவள் அவரோடு வாழ மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குத்தான் இப்படித் தூக்கிப் போனார்கள். தேன்கனிக்கோட்டை அனைத்து மகளிர் காவல் நிலையம் போக்சோ சட்டத்திலும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திலும் வழக்குப் பதிந்து, கணவர், அவருடைய சகோதரர் உள்ளிட்டோரைக் கைது செய்தது. (பரிதாபப்பட்டே அந்தக் காணொளியை முகம் தெரிய அனுப்பியவர்கள் ஏராளம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்தான்.)

இதில் யோசிக்க வைப்பது கல்யாணம் நடந்த இடம். பெண் அஞ்செட்டி மலைக்காரி, தாலி ஏறியது பெங்களூருவில். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்கு இது புதிதல்ல. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கட்டட வேலையும் அங்கே, உறவும் அங்கே. ஒரே வீட்டில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும். ஆகவே எல்லை தாண்டிய கல்யாணத்தையெல்லாம் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் இந்தப் பக்கம் இருக்க, முகூர்த்தத்தை மட்டும் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு அப்பால் வைத்தால், பெண்ணின் வயதைக் கேட்பதில் தப்பில்லை. "இங்க வெச்சா ஆபீசர் வந்து நிப்பாட்டிடுவாங்க, அந்தப் பக்கம் வெச்சுக்கலாம்" என்பதுதான் பல வீடுகளின் கணக்கு.

அந்தக் கணக்கே தப்பு. கர்நாடகத்தில் சட்டம் இங்கே இருப்பதைவிடக் கடுமை. 2006ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்ப வேண்டும். நிரம்பாமல் நடந்த கல்யாணம் குற்றம்தான் என்றாலும், பொதுவாகத் தானாகச் செல்லாமல் போய்விடாது. சிறு வயதில் மணம் முடிக்கப்பட்டவர் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்றும் இந்த நிலைதான். கர்நாடகம் தன் திருத்தத்தின் மூலம் 2017 முதல் குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வே என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மற்ற மாநிலங்களும் கர்நாடகத்தின் வழியைப் பின்பற்றலாம் என்றது. அரியானா பின்பற்றியது. பக்கத்து வீடான நாம் இன்னும் பின்பற்றவில்லை.

கர்நாடக அரசு 2025இல் இன்னொரு படி மேலே போய், குழந்தைகளுக்கு நிச்சயதார்த்தம் செய்வதையும் தண்டனைக்குரியதாக்கும் திருத்த மசோதாவைக் கையிலெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், குழந்தைகளுக்கு நிச்சயம் செய்வதைத் தடை செய்வது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தது. பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கும் மத்திய மசோதா ஒன்றும் 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. 2024இல் அவை கலைந்தபோது அது காலாவதியானது. இன்றைக்கும் வயது 18தான்.

நிச்சயத்தைக் குற்றமாக்குவது தேவையா என்று கேட்பவர்கள் பரிசம் போடும் நாளை நினைத்துப் பார்க்கட்டும். தட்டில் புடவை, பூ, வெற்றிலை பாக்கு. மாமன் முறைக்காரர் கையில் ரொக்கம். தட்டு மாறியதும் பள்ளிக்கூடம் நிற்கும், கைபேசி பிடுங்கப்படும், பெண் வீட்டோடு அடங்குவாள். கல்யாணத்துக்கு மாதங்கள் இருக்கலாம். அவள் வாயைத் திறக்கும் வாய்ப்பு அன்றே முடிந்துவிடுகிறது. தாலி கட்டும் நேரத்தில் அதிகாரி போய் நின்றால், மொய் எழுதியவர்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள், கடன் வாங்கிப் பந்தல் போட்ட அப்பா என்று ஊரே எதிரில் நிற்கும். பரிசத்தன்று தடுத்தால் இத்தனை பேரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு புது மசோதா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் எல்லையோரக் குடும்பங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதுள்ள சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, குழந்தைத் திருமணம் 'ஏற்பாடாகியிருந்தாலே' குற்றவியல் நடுவர் தடையுத்தரவு போடலாம். பரிசம் போட்டது ஏற்பாடு இல்லாமல் வேறென்ன? விஷயம் தெரிந்த யாரும் முறையிடலாம். ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமலே இடைக்காலத் தடை கிடைக்கும். அடுத்த பிரிவு இன்னும் முக்கியம்: தடையை மீறி நடந்த கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆக, கர்நாடகத் திருத்தம் தரும் அதே பாதுகாப்பை நடுவரின் ஓர் உத்தரவு இங்கேயும் தந்துவிடும். மிரட்டியோ ஏமாற்றியோ தூக்கிப்போயோ விலை பேசியோ நடத்திய கல்யாணத்தையும் 12ஆம் பிரிவு நேராகச் செல்லாது என்கிறது. நம் மாநிலத்தில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். கிருஷ்ணகிரியில் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். 1098க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

கல்யாணம் அந்தப் பக்கம் நடந்துவிட்டால்? "எங்க எல்லையில நடக்கல" என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்று கேளுங்கள். குழந்தைத் திருமணம் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றம். கட்டிக்கொண்ட 18 வயது தாண்டிய ஆண், நடத்திவைத்தவர், அனுமதித்த பெற்றோர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்; மத்தியச் சட்டப்படி, அனுமதித்த அம்மாவுக்கு மட்டும் சிறை கிடையாது, அபராதம்தான். சும்மா வந்து கலந்துகொண்டவரும் மாட்டலாம்.

வழக்கமாகக் கேட்கும் பதில் ஒன்று உண்டு: "ஆதார்ல பத்தொன்பதுன்னு இருக்கே." ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான் பேசும். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பெண் எங்கே சேர்ந்தாள் என்று தலைமையாசிரியர் விசாரித்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

இப்படிக் கல்யாணமாகிக் கருவுற்ற சிறுமிகள் விஷயத்தில் பயம்தான் பெரிய ஆபத்து. போக்சோ வழக்கு வருமென்று ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாமல் வீட்டிலேயே பிரசவம் பார்த்தால், வளராத உடம்புக்கு அது உயிர்போகும் விஷயம். வழக்கைக் காரணம் காட்டி மருத்துவர் சிகிச்சையை மறுக்கக் கூடாது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தகவல் தரும்போதும் அவளுடைய பெயரை மருத்துவர் மறைக்கலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை இது போய்ச் சேர வேண்டும்.

பிழைத்து வந்த பெண்ணின் உரிமைகளும் எழுத்தில் இருக்கின்றன. 18 நிரம்பி இரண்டு ஆண்டுக்குள், அதாவது 20 வயதுக்குள், ரத்து மனு போடலாம். 18க்கு முன்பே போட வேண்டுமென்றால் பாதுகாவலர் ஒருவரும் தடுப்பு அலுவலரும் சேர்ந்து போடுவார்கள். கல்யாணம் நடந்த ஊருக்கு அலைய வேண்டாம், மனுப் போடும் நாளில் அவள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றமே போதும். போட்ட நகை, கொடுத்த பணம் இரு தரப்பும் திருப்பித் தர வேண்டும். மறுமணம் வரை ஜீவனாம்சமும் தங்க இடமும் கேட்கலாம். குழந்தை பிறந்திருந்தால் அது சட்டப்படியான வாரிசே.

ஓசூர் சிப்காட்டிலும் சுற்றியுள்ள புதுத் தொழிற்சாலைகளிலும் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். வேன் வந்து ஏற்றிப் போகிறது. அந்த வாசலில் 18 வயதுக்குச் சான்று கேட்பார்கள், பெரும்பாலும் பிளஸ் டூவும் கேட்பார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எட்டாம் வகுப்பில் பரிசம் போட்ட பெண்ணுக்கு இந்த இரண்டுமே இல்லை. கர்நாடகம் 2017இல் செய்த திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றமும் செய்வதற்குத் தடை ஏதுமில்லை; குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி சட்டமன்ற உறுப்பினர்களிடம் தொகுதி மக்கள் கேட்க வேண்டிய மனு இது.