சட்டம் இல்லை, இலக்கு இருந்தது: இந்தியாவில் கட்டாயக் கருத்தடை நடந்தது எப்படி?

புது டெல்லி: ஹரியானா மாநிலத்தின் இன்றைய பல்வல் மாவட்டத்தில் உள்ளது உட்டாவர் கிராமம். 1976ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி அதிகாலையில் காவல்துறையினர் அக்கிராமத்தைச் சுற்றி வளைத்தனர். ஆண்கள் வெளியே வருமாறு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. வந்தவர்கள் வாகனங்களில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களில் பலர் கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பின்னரே வீடு திரும்பினர். நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஜே.சி. ஷா ஆணையத்தின் அறிக்கையிலும் இந்நிகழ்வு இடம்பெற்றுள்ளது.

அக்காலத்தில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்ததாகப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அப்படியொரு மத்தியச் சட்டம் இயற்றப்படவே இல்லை. மகாராஷ்டிர சட்டமன்றம் மட்டும் 1976ஆம் ஆண்டு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆயினும் 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சுமார் 82.6 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. சட்டத்தின் துணையின்றி இது எவ்வாறு சாத்தியமாயிற்று?

"தகுதியற்றவர்" என்ற கருத்து:

இதன் பின்னணியை அறிய ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1883ஆம் ஆண்டு பிரிட்டன் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் இதனை இனமேம்பாட்டியல் என்கிறோம். கால்நடைகளில் நல்ல இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது போல மனிதரிலும் செய்யலாம் என்பதே இதன் சாரம். பெயரில் 'மேம்பாடு' இருந்தாலும், நடைமுறையில் அது யார் பிள்ளை பெறக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரமாகவே அமைந்தது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907ஆம் ஆண்டு இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1927ஆம் ஆண்டு 'பக் எதிர் பெல்' வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அங்கு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். நாஜி ஜெர்மனி 1933ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டத்தால் பாதிக்கப்பட்டோர் சுமார் 4 லட்சம் பேர். ஜப்பானில் 1948 முதல் 1996 வரை இத்தகைய சட்டம் நீடித்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான்.

இந்தியாவிலும் இச்சிந்தனைக்கு ஆதரவாளர்கள் இருந்தனர். 1938ஆம் ஆண்டு காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவின் மக்கள்தொகைத் துணைக்குழு, மனநோய், வலிப்பு போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்குக் கருத்தடை செய்வதைப் பரிந்துரைத்தது. எனினும் சுதந்திர இந்தியா 1952ஆம் ஆண்டு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அப்படியே இனமேம்பாட்டியல் என்று அழைப்பது சரியாகாது. அத்திட்டம் மரபணுவைப் பற்றிக் கவலைப்படவில்லை. எண்ணிக்கையைப் பற்றியே கவலைப்பட்டது. ஆனால் அறுவை சிகிச்சை மேசைக்கு யார் அழைத்துச் செல்லப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைக்கிறது: மறுத்துப் பேச வலுவில்லாதவர்கள்.

ஊக்கத்தொகையிலிருந்து உத்தரவு வரை:

கருத்தடை செய்துகொள்வோருக்குப் பணம் வழங்கும் முறையை 1950களிலேயே தொடங்கிய முன்னோடி மாநிலம் அன்றைய சென்னை மாகாணம். 1971ஆம் ஆண்டு ஜூலை மாதம் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடைபெற்ற மாபெரும் முகாமில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. திருவிழா போல நடத்தப்பட்ட அம்முகாம் நாடு முழுமைக்கும் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ஒரே இடத்தில் பெருங்கூட்டம், கையில் பணம், மாலையில் எண்ணிக்கை அறிவிப்பு என்ற வழக்கம் அங்கு வேரூன்றியது.

1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி சுகாதாரத் துறை அமைச்சர் கரண் சிங் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டார். இரண்டு குழந்தைகளுடன் கருத்தடை செய்துகொண்டால் 150 ரூபாய், மூன்று குழந்தைகள் எனில் 100 ரூபாய், அதற்கு மேல் எனில் 70 ரூபாய் என அது நிர்ணயித்தது. மாநிலங்களுக்கான மத்தியத் திட்ட உதவியில் 8 சதவீதம் குடும்பக் கட்டுப்பாட்டுச் செயல்பாட்டுடன் இணைக்கப்பட்டது. கட்டாயச் சட்டம் கொண்டுவர விரும்பும் மாநிலங்கள் கொண்டுவரலாம் என்றும் கூறப்பட்டது. (மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் நிறுத்தி வைக்கும் முடிவும் இதே ஆவணத்தில்தான் உள்ளது. தொகுதி மறுவரையறை குறித்து இன்று தமிழ்நாட்டில் எழும் விவாதத்தின் வேர் அது.)

கட்டாயம் உண்மையில் பிறந்தது இதற்குக் கீழே, மாநில, மாவட்ட அலுவலகங்களில். எந்த அரசுப் பதவியும் வகிக்காத சஞ்சய் காந்தி இத்திட்டத்தைத் தமது செயல்திட்டத்தில் முதன்மையாக்கியதும், வட மாநில முதல்வர்கள் ஒருவரையொருவர் விஞ்ச முற்பட்டனர். 1976-77ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு நிர்ணயித்த இலக்கு சுமார் 43 லட்சம். பல மாநிலங்கள் தாமாகவே அதனை உயர்த்திக்கொண்டன. மாதாந்திர இலக்கை எட்டாதவர்களுக்கு ஊதியம் நிறுத்தப்படும், பணியிடை நீக்கமும் செய்யப்படும் என உத்தரப் பிரதேச அரசு தனது அதிகாரிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. பள்ளி ஆசிரியர், நிலவருவாய்த் துறை ஊழியர், காவலர் என அனைவருக்கும் ஆள் பிடிக்கும் பொறுப்பு வந்தது.

டெல்லியில் இது வேறு வடிவம் எடுத்தது. குடிசைகள் இடிக்கப்பட்டவர்கள் மாற்று மனை பெறவும் மனையைத் தக்கவைக்கவும் கருத்தடைச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. தானே செய்துகொள்ளலாம், அல்லது வேறொருவரை அழைத்து வரலாம். வெல்கம் குடியிருப்பின் அரசுக் கோப்புகளை ஆராய்ந்த மானுடவியலாளர் எம்மா டார்லோ, ஏழைகள் தங்களினும் ஏழைகளைப் பணம் கொடுத்து அழைத்து வந்ததைப் பதிவு செய்துள்ளார். துப்பாக்கி ஏந்திய காவலர் இல்லாமலேயே ஒரு சங்கிலி உருவானது. அதன் கடைசிக் கண்ணியில் இருந்தவருக்கு அழைத்து வர யாரும் இல்லை.

குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் இடறும். அறுவை சிகிச்சைக்கு உள்ளானவரை அவை 'அக்செப்டர்', அதாவது ஏற்றுக்கொண்டவர் என்றே குறிக்கின்றன. உட்டாவரில் வாகனத்தில் ஏற்றப்பட்டவரும் கணக்கேட்டில் ஏற்றுக்கொண்டவரே.

இரண்டு ஆண்டுகளில் 67.4 லட்சம் என்ற இலக்குக்கு 1.07 கோடி அறுவை சிகிச்சைகள் நடைபெற்றதாக ஷா ஆணையம் 1978ஆம் ஆண்டு கூறியது. அறுவை சிகிச்சை தொடர்பாக 1,774 பேர் உயிரிழந்ததும், திருமணமாகாதவர்களுக்குச் செய்யப்பட்டதாக 548 புகார்கள் வந்ததும் அதன் அறிக்கையில் உள்ளன.

ஆண்கள் விலகினர், பெண்கள் வந்தனர்:

1977 மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றில்கூடக் காங்கிரஸ் வெற்றி பெறவில்லை. புதிய அரசு துறையின் பெயரைக் 'குடும்பக் கட்டுப்பாடு' என்பதிலிருந்து 'குடும்ப நலம்' என மாற்றியது. 1977-78ஆம் ஆண்டில் அறுவை சிகிச்சைகள் சுமார் 9.5 லட்சமாகச் சரிந்தன.

இச்சரிவைவிடக் கவனிக்க வேண்டிய மாற்றம் மற்றொன்று. முந்தைய ஆண்டில் கருத்தடை செய்யப்பட்டவர்களில் நான்கில் மூவர் ஆண்கள். இப்போது ஐந்தில் நால்வர் பெண்கள். ஆண்களுக்கான அறுவை சிகிச்சை எளிதானது, ஆபத்து குறைந்தது. ஆனால் அதனை மீண்டும் வலியுறுத்தும் துணிவு எந்த அரசுக்கும் வரவில்லை. முகாமும் ஊக்கத்தொகையும் இலக்கும் அப்படியே இருக்க, பயனாளி மட்டும் மாறினார். 1996ஆம் ஆண்டு மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டதாக அறிவித்த பின்னரும் பல மாநிலங்களில் அது வேறு பெயர்களில் தொடர்ந்தது.

2012ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி பீகாரின் அராரியா மாவட்டம் கபர்ஃபோராவில் ஓர் அரசுப் பள்ளியில் 53 பெண்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஒரே மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். 2014ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, பயன்பாட்டில் இல்லாத மருத்துவமனைக் கட்டடத்தில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசின் சொந்த விதி. அம்மாவட்ட முகாம்களுக்குச் சென்ற பெண்களில் 13 பேர் உயிரிழந்தனர்.

பீகார் முகாம் தொடர்பாகச் சமூக ஆர்வலர் தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்த வழக்கில், 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி நீதிபதிகள் மதன் பி. லோகுர், யு.யு. லலித் ஆகியோர் தீர்ப்பளித்தனர். கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும், இலக்கு நிர்ணயிக்கக் கூடாது, சம்மதப் படிவத்தை உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும் என அவர்கள் உத்தரவிட்டனர்.

அதன் பின் 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான தம்பதியரில் 37.9 சதவீதத்தினர் பெண் கருத்தடை அறுவை சிகிச்சையையும், 0.3 சதவீதத்தினர் ஆண் கருத்தடை அறுவை சிகிச்சையையும் சார்ந்துள்ளனர்.