மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் துணை உயிரிகள்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் துணை உயிரிகள் என்பவை, ஆட்டக்காரர்கள் ஏற்று நடத்தும் பாத்திரங்களின் பக்கம் நின்று போரிடும் பிற மாந்தரும் விலங்குகளும் ஆகும். கூலிக்கு அமர்த்திய காவலாள், வளர்த்த ஓநாய், மந்திரத்தால் அழைக்கப்பட்ட ஆவி, சிறையிலிருந்து மீட்கப்பட்டு நன்றிக்கடனாக உடன் வரும் போர்வீரர் ஆகிய அனைவரும் இவ்வகையில் அடங்குவர். ஒரு மோதலைத் திட்டமிடும் ஆட்ட நடத்துநர் எதிரிகளின் வலிமையைப் போலவே இவர்களின் வலிமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் இது வெறும் கூட்டல் கணக்கு அன்று. துணை உயிரி சேரும்போது போர் எளிதாகிறது. அதே வேளையில் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் தத்தம் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் இதற்காக எழுதப்பட்ட விதிகளுள் பல, இந்த இரண்டாவது சிக்கலைத் தீர்க்க முயன்றவையே.

பின்னணி

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் சிலர் கூடி அமர்ந்து, தாள், எழுதுகோல், பகடை ஆகியவற்றின் துணையோடு ஒரு கதையை நடத்திச் செல்கின்றனர். ஒருவர் ஆட்ட நடத்துநர். கதை நிகழும் உலகம், எதிரிகள், வழியில் எதிர்ப்படுவோர் அனைத்தும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த விளையாட்டு, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய அமெரிக்கர் இருவர் உருவாக்கிய டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974) ஆகும். இக்கட்டுரையில் பெரும்பாலும் அதன் விதிகளே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

போர் சுற்றுச் சுற்றாக நடைபெறும். ஒவ்வொரு சுற்றிலும் களத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. இன்றைய விதிகளின்படி, தாக்குபவர் இருபது பக்கப் பகடையை உருட்டி, வரும் எண்ணோடு தம் தாக்குதிறனைக் கூட்டுவார். அத்தொகை எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். அடியின் அளவு எதிரியின் உயிர்ப்புள்ளிகளிலிருந்து கழிக்கப்படும். ஆகவே ஒரு பக்கத்துக்கு எத்தனை முறைகள் உள்ளன என்பது, அப்பக்கத்தார் எவ்வளவு வலியவர் என்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

தொடக்ககால விதிகள்

இவ்விளையாட்டு, சிறு பொம்மைகளைக் கொண்டு ஆடப்பட்ட போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அவற்றில் ஒருவர் ஒரு முழுப் படையையே இயக்குவார். ஆகவே ஒரு ஆட்டக்காரர் தம் பாத்திரத்தோடு மூன்று நான்கு பணியாட்களையும் சேர்த்து நடத்துவது தொடக்கத்தில் யாருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை. பாழடைந்த சுரங்கத்தினுள் இறங்கும் குழுவோடு தீவட்டி பிடிப்பவர், சுமை தூக்குபவர், ஈட்டி ஏந்தியவர் எனப் பலர் செல்வர். அவர்களுள் பலர் திரும்புவதில்லை.

டாம் மோல்ட்வே தொகுத்து 1981 இல் வெளியான அடிப்படை விதிநூல் இதை ஒழுங்குபடுத்தியது. ஒரு பாத்திரத்தின் ஆளுமைக் கவர்ச்சி 3 ஆக இருந்தால் அவர் ஒரே ஒரு பணியாளைத்தான் அமர்த்த முடியும். 18 ஆக இருந்தால் ஏழு பேரை அமர்த்தலாம். பணியாளின் மனவுறுதியும் அமர்த்தியவரின் கவர்ச்சியையே பொறுத்தது. ஆபத்து எதிர்பார்த்ததை மிஞ்சும்போது இரண்டு ஆறுபக்கப் பகடைகள் உருட்டப்படும். வரும் தொகை மனவுறுதி எண்ணைத் தாண்டினால் பணியாள் ஓடிவிடுவார். சராசரிக் கவர்ச்சி உடையவரின் பணியாளுக்கு இவ்வெண் 7. அதாவது 36 வாய்ப்புகளில் 15 இல் அவர் நிற்கமாட்டார். கவர்ச்சி 18 உடையவரின் பணியாளுக்கு இவ்வெண் 10. அவர் ஓடுவது 36 இல் மூன்று முறை மட்டுமே.

இவ்விதியின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. இங்கு துணையாள் ஒரு ஆயுதம் அல்லர். தம் உயிரைப் பற்றிய கவலை உள்ளவர். அவரை முன்வரிசையில் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளும் தலைவர் விரைவில் தனித்து விடப்படுவார். பிற்காலப் பதிப்புகளில் மனவுறுதிச் சோதனை ஓரங்கட்டப்பட்டது ஓர் இழப்பே எனலாம்.

2000 இல் வெளியான மூன்றாம் பதிப்பில், ஆறாம் நிலையை எட்டிய பாத்திரம் தலைமைப் பண்பு என்னும் சிறப்புத் திறனைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. இதன்மூலம் தம்மைவிட நிலையில் குறைந்த ஒரு துணைவரைப் பெறலாம். ஒரே ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ இரண்டு பாத்திரங்கள் கிடைத்துவிடுவதால், பல ஆட்ட நடத்துநர்கள் இதைத் தம் ஆட்டத்தில் அனுமதிப்பதில்லை.

வலிமையைக் கணக்கிடுதல்

2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் கையேடு, மோதலின் கடினத்தை அளக்க அனுபவப் புள்ளிகளைப் பயன்படுத்துகிறது. மூன்றாம் நிலைப் பாத்திரம் ஒன்றுக்குக் கடினமான மோதலின் வரம்பு 225 புள்ளிகள். உயிர்க்கொல்லி மோதலின் வரம்பு 400. நால்வர் குழுவுக்கு இவை முறையே 900, 1600 ஆகும். ஓகர் என்னும் அரக்கன் ஒருவனின் மதிப்பு 450. எதிரிகள் பலராக வரும்போது அவர்களின் கூட்டுத்தொகை ஒரு எண்ணால் பெருக்கப்படும். இருவர் எனில் ஒன்றரையால், மூவர் முதல் அறுவர் வரை எனில் இரண்டால். ஆகவே இரண்டு ஓகர்களின் மதிப்பு 1350. இது கடினமான மோதல். மூன்று ஓகர்கள் எனில் 2700. குழு முழுவதும் மடியக்கூடும்.

இக்குழுவோடு, அதே பதிப்பின் உயிரினத் தொகுப்பில் வெட்டரன் எனப்படும் பழுத்த போர்வீரர் ஒருவர் சேர்வதாகக் கொள்வோம். கடினத்தைக் கணக்கிடும்போது துணைவர் அனைவரையும் குழுவினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கையேடு கூறுகிறது. இவ்வீரரின் சவால் அளவு 3. இதை மூன்றாம் நிலை என்று கொண்டு அவரை ஐந்தாம் ஆளாகச் சேர்த்தால் உயிர்க்கொல்லி வரம்பு 2000 ஆக உயரும். மூன்று ஓகர்கள் அப்போதும் அதற்கு மேலேயே நிற்பர்.

இந்த இடத்தில்தான் புதிய நடத்துநர்கள் பெரும்பாலும் தவறுகின்றனர். சவால் அளவும் நிலையும் ஒரே அளவுகோல் அல்ல. சவால் அளவு 3 என்பது, அந்த உயிரி ஒன்றே மூன்றாம் நிலைப் பாத்திரங்கள் நால்வருக்கு ஏற்ற எதிரி என்பதைக் குறிக்கும். வெட்டரனுக்கு 58 உயிர்ப்புள்ளிகள். மூன்றாம் நிலைப் போர்வீரப் பாத்திரத்துக்கு முப்பது இருந்தாலே மிகுதி. வெட்டரன் ஒரு முறையில் மூன்று தடவை வாள்வீச, அப்பாத்திரம் வழக்கமாக ஒரு தடவையே வீச முடியும். வெட்டரன் ஓகரோடு தனித்து மோதினால் சுற்றுக்குச் சராசரியாக 16 புள்ளிகளைக் கழிப்பார். ஓகரின் 59 புள்ளிகள் நான்கு சுற்றுகளில் தீரும். ஓகர் அவரை வீழ்த்த ஏறத்தாழ ஒன்பது சுற்றுகள் தேவை.

ஆகவே வலிய துணையைக் குழுவோடு கூட்டுவதைவிட, எதிரிகளிலிருந்து கழிப்பதே பொருத்தமானது. மூன்றாம் ஓகரை வெட்டரனோடு இணைத்து ஒதுக்கிவிட்டால், எஞ்சியிருப்பது நால்வருக்கு இரண்டு ஓகர்கள் என்னும் முன்பே அறிந்த மோதல். எனினும் நான்காவது சுற்றின் முடிவில் வெட்டரன் கைகள் வெறுமையாகிவிடும் என்பதை மறக்கலாகாது. அதற்குள் போர் முடியாவிட்டால் அவர் மற்ற ஓகர்களின் பக்கம் திரும்புவார்.

வலிமை குன்றிய துணைவரின் கணக்கு வேறு. பிரித்தானியப் பொறியாளர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1916 இல் வெளியிட்ட நூலில், எல்லாரும் எல்லாரையும் தாக்கக்கூடிய போரில் ஒரு படையின் ஆற்றல் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். சமவலிமை உள்ள நால்வரும் நால்வரும் மோதினால் இரு பக்கமும் அழியும். ஐவர் நால்வரோடு மோதினால் 25 இலிருந்து 16 போக எஞ்சுவது 9. அதன் வர்க்கமூலம் 3. ஒரே ஒருவர் கூடியதால், யாரும் மிஞ்சாத போர் மூவர் மீளும் போராகிறது. பகடை ஆட்டம் இச்சமன்பாட்டுக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. எனினும் எளிய காவலாள் ஒருவர்கூட எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் போரை மாற்றுவது ஏன் என்பதை இது விளக்குகிறது. அவர் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு அடியும் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு விழாத அடியாகும்.

முறைகளின் பெருக்கம்

2014 ஆம் ஆண்டு விதிகளில் விலங்குகளை அழைக்கும் மந்திரம் ஒன்று பெயர் பெற்றது. துரூயிட் என்னும் பூசாரி வகுப்பினர் ஐந்தாம் நிலையில் இதைப் பெறுவர். சவால் அளவு கால் உடைய எட்டு விலங்குகளை இதனால் களத்துக்கு வரவழைக்கலாம். எட்டு ஓநாய்கள் ஒரு ஓகரைச் சூழ்ந்துகொண்டால் ஒரே சுற்றில் சராசரியாக ஐம்பது புள்ளிகளைக் கழித்துவிடும். வலிமையைவிட நேரமே இங்குப் பெரிய தொல்லை. கூட்டமாகத் தாக்கும் ஓநாய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடைகள் உருட்டி உயர்ந்ததைக் கொள்ள வேண்டும், எட்டுக்கும் பதினாறு. பிறகு அடியின் அளவுக்கான பகடைகள். அதன்பின் ஓகர் கீழே விழுந்தானா என்னும் சோதனை. இவ்வளவும் ஓர் ஆட்டக்காரரின் மந்திரத்துக்காக. மற்ற மூவரும் கைகட்டிப் பார்த்திருப்பர்.

இதற்கு எதிர்மாறான தவறும் அதே நூலில் நிகழ்ந்தது. ரேஞ்சர் என்னும் காடறிந்த வீரருக்கு விலங்குத் துணை தரப்பட்டது. ஆனால் அது தாக்க வேண்டுமெனில் ரேஞ்சர் தம் செயலைச் செலவிட்டுக் கட்டளையிட வேண்டும். முறைகள் பெருகவில்லை, துணை இருந்தும் பயன் குறைவு என்னும் மனக்குறையே ஆட்டக்காரர்களிடம் எஞ்சியது. 2020 இல் வெளியான துணைநூலில் இவ்விரண்டும் சீர்செய்யப்பட்டன. ரேஞ்சரின் விலங்குக்கு ஒரு சிறு துணைச்செயலால் கட்டளையிட முடிந்தது. கூட்டத்துக்கு மாற்றாக ஒரே ஓர் ஆவியை அழைக்கும் மந்திரங்களும் சேர்க்கப்பட்டன. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பில் விலங்குகளை அழைக்கும் மந்திரம், தனித்தனி முறைகள் இல்லாத ஒரே மாயக்கூட்டமாக மாற்றி எழுதப்பட்டது.

பாத்பைண்டர் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு (2019) இச்சிக்கலைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொண்டது. அங்கு ஒவ்வொருவருக்கும் ஒரு முறையில் மூன்று செயல்கள். அவற்றுள் ஒன்றைக் கட்டளைக்குச் செலவிட்டால் துணை உயிரி இரண்டு செயல்களைச் செய்யும். விலை கொடுத்த பின்னும் ஆதாயம் சிறிது உண்டு. ஆனால் ஒரு முழு ஆளின் முறை கூடுவதில்லை.

விதியை மாற்றாமலும் நடத்துநர் சிலவற்றைச் செய்யலாம். எட்டு ஓநாய்களை இரண்டு கூட்டங்களாகக் கொண்டு, கூட்டத்துக்கு ஒரு தாக்குதலாக உருட்டலாம். அடியின் அளவுக்குச் சராசரி எண்ணைப் பயன்படுத்தலாம். துணைவர்களுக்குக் களத்தின் வேறொரு மூலையில் பணி தந்து, கதவைக் காப்பது போன்றவற்றைப் பகடையின்றி இரண்டு சொற்றொடரில் கூறி முடிப்பது பெரும்பாலும் போதுமானது. எதிரிகளையும் இதற்கேற்ப அமைக்கலாம். அழைப்பு மந்திரம் துரூயிட்டின் மன ஒருமையால் நிலைத்திருப்பது. தொலைவிலுள்ள வில்லாளி ஒருவர் அவரை அடித்து, அவர் சோதனையில் தவறினால் ஓநாய்கள் அனைத்தும் ஒரே கணத்தில் மறையும். ஆனால் ஒவ்வொரு போரிலும் அத்தகைய வில்லாளி காத்திருந்தால், ஆட்டக்காரர் தண்டிக்கப்படுவதாகவே உணர்வார்.

யார் இயக்குவது

துணைவரை நடத்துநரே இயக்கினால், எதிரிக்கும் துணைவருக்கும் இடையே அவர் தம்மோடு தாமே போரிட நேர்கிறது. நடத்துநருக்குப் பிடித்துப்போன துணைவர் முக்கிய எதிரியை வீழ்த்திவிட, ஆட்டக்காரர்கள் தங்கள் கதையிலேயே பார்வையாளர்களாகும் நிலை பலரும் குறைகூறுவது. போரின்போது துணைவரின் தாளை ஓர் ஆட்டக்காரரிடம் கொடுத்துவிடுவது இதற்கு எளிய தீர்வாகும். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தம் பாத்திரம் மயங்கி விழுந்து வெறுமனே இருப்பவருக்கு இது நல்ல வேலையும்கூட. பேச்சும் விருப்பமும் நடத்துநரிடமே இருக்கும். சாகும்படியான ஒரு கட்டளையைத் துணைவர் மறுக்கலாம்.

ஜோனதன் ட்வீட், மார்க் ரெய்ன்-ஹேகன் ஆகியோர் உருவாக்கிய ஆர்ஸ் மேஜிக்கா (1987) இதையே விளையாட்டின் அமைப்பாக்கியது. அதில் மந்திரவாதிகளைக் காக்கும் எளிய காவலர்கள் யாருக்கும் உரியவர் அல்லர். தேவைப்படும்போது எந்த ஆட்டக்காரரும் அவர்களுள் ஒருவரை எடுத்து ஆடலாம்.

விசுவாசமும் இறப்பும்

ஐந்தாம் பதிப்பின் 2014 கையேட்டில் விசுவாசம் என்னும் விருப்ப விதி ஒன்று உண்டு. குழுவில் உள்ள மிக உயர்ந்த கவர்ச்சி எண்ணே துணைவரின் விசுவாசத்தின் மேல்வரம்பு. தொடக்கத்தில் அது அதில் பாதி. துணைவரின் நோக்கத்துக்கு உதவினால் உயரும், அவரை இழிவாக நடத்தினால் குறையும், சுழியமானால் அவர் விலகிச் செல்லக்கூடும். இந்த எண்ணை நடத்துநர் மறைவாகவே வைத்திருப்பார்.

உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தால் ஆட்டக்காரரின் பாத்திரம் உடனே இறப்பதில்லை. உயிருக்குப் போராடப் பகடை வாய்ப்புகள் உண்டு. பெரும்பாலான நடத்துநர்கள் எதிரிகளுக்கு இவ்வாய்ப்பைத் தருவதில்லை. துணைவர் எந்தப் பக்கம் சேர்கிறார் என்பதை நடத்துநர் போருக்கு முன்பே முடிவுசெய்து ஆட்டக்காரர்களுக்குத் தெரிவித்தல் நலம். ஐந்து அமர்வுகள் உடன் வந்த தீவட்டிக்காரர் ஒரே அடியில் இறக்கக்கூடும் என்று தெரிந்தால், அவரை முன்னே அனுப்புவதா என்று அவர்கள் ஒருமுறை யோசிப்பார்கள்.