பரணில் உறங்கும் செல்வங்கள்

கோடை விடுமுறையில் பரணை ஒழிக்கும் வேலை பெரும்பாலும் மாணவியராகிய நமக்கே வந்து சேர்கிறது. தகரப் பெட்டியைத் திறந்தால் மரச் சொப்புகள், மரப்பாச்சி, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பழுப்பேறிய புகைப்படங்கள் எனப் பல வெளிவரும். அவற்றை வைத்திருப்பன, பிறருக்குக் கொடுப்பன, கழிப்பன என மூன்றாகப் பிரிப்போம்.

தலையாட்டி பொம்மை களிமண்ணாலும் காகிதக் கூழாலும் ஆனது. ஈரத் துணி பட்டால் கெட்டுவிடும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். செய்தித்தாளில் எதையும் சுற்ற வேண்டாம். அதிலுள்ள அமிலம் நாளடைவில் கறையை உண்டாக்கும். வண்ணம் உரியும் பழைய பொம்மைகளைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. அவ்வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

புகைப்படங்களை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுப்போம். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்போம். பேனா மை ஊறி முன்புறம் தெரியும். அந்த விவரங்களைச் சொல்லக்கூடியவர் பாட்டி ஒருவரே. பெயர் தெரியாத முகம் நாளை வெறும் காகிதமாகிக் கழிக்கும் குவியலுக்குப் போய்விடும். ஆகவே தோழியரே, இந்த விடுமுறையிலேயே பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்போம். பெட்டியை அடுத்த ஆண்டும் திறக்கலாம். பாட்டியின் நினைவு அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.