அரசு வெளியீட்டின் முதற்பதிப்புகள்

ஈழத்து இலக்கியத்தில் எதிர்க்குரல் என்று தேடினால் 1960களின் நற்போக்கு அணியில் போய் நிற்போம். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தோடு முரண்பட்டு வெளியேறிய எஸ்.பொ. அதன் முதன்மைக் குரல். அந்த அணிக்குத் துணைநின்று நூல்கள் வெளியிட்டவர் ஒரு முஸ்லிம் என்பது எங்கட ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. அவர்தான் 'இளம்பிறை' ஆசிரியர் எம்.ஏ. ரஹ்மான். கொழும்பில் அவர் நடத்திய பதிப்பகம் 'அரசு வெளியீடு'.

எஸ்.பொ.வின் 'வீ', மஹாகவியின் 'குறும்பா' இரண்டும் 1966இல் அங்கிருந்து வந்தவை. அதற்கு முதல் வருஷம் மு. தளையசிங்கத்தின் 'புதுயுகம் பிறக்கிறது' வந்தது. தளையசிங்கம் எங்கட தீவகத்தவர். நான் படிப்பிக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை தாண்டித் தாம்போதியில் ஏறினால் அவரது புங்குடுதீவு. எந்த அணிக்குள்ளும் அடங்காதவர். தாழ்த்தப்பட்டோரின் குடிநீர் உரிமைக்காக 1971இல் அங்கே சத்தியாக்கிரகம் செய்தார், 1973இல் மறைந்தார்.

"மறுபதிப்பு கிடைக்குதே சேர், பழசு ஏன்?" என்று மாணவர் கேட்பதுண்டு. மறுபதிப்பில் கதை வரும். பழைய அட்டையும் பதிப்புரையும் அச்சக விபரமும் விலையும் வருமென்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு தீவகத்து இந்துவின் கதைகளை ஒரு முஸ்லிம் பதிப்பித்தார் என்பதற்குச் சாட்சி அந்த முதற்பதிப்புத்தான்.

அடையாளம் காண்பது லேசு. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். 'முதற்பதிப்பு' என்ற சொல், ஆண்டு, வெளியீட்டாளர் பெயர் அங்கே இருக்கும். புதிதாகக் கட்டிய பிரதி என்றால் பழைய அட்டை உள்ளே இருக்கா என்றும் பாருங்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தகத்தை யார் தூக்கினார்? அந்தத் தொண்ணூறுகளில் தீவகத்து வீடுகளும் வெறுமையாகின. ஆகவே இனித் தேட வேண்டியது கொழும்பிலும் புத்தளத்திலும் கல்முனையிலும் வாப்பாமார் விட்டுப்போன அலுமாரிகளில்தான்.

கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பசைநாடா ஒட்டாதீர்கள், துருப்பிடித்த கம்பியை மெல்லக் கழற்றி, உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் அண்டாமல் வையுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் அந்த நூல் ஏறியிருக்கா என்று பாருங்கள். இல்லையென்றால் அட்டை முதல் அட்டை வரை, விளம்பரப் பக்கமும் விடாமல், ஸ்கேன் செய்து கொடுங்கள். கொடுத்த பிறகும் பிரதி உங்களிடமே இருக்கட்டும்.