பழங்குடி மாணவர் பிஎச்.டி. படிக்க: பணம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறதா?

எம்.ஏ.வோ எம்.எஸ்சி.யோ முடித்துவிட்டீர்கள். மேலே பிஎச்.டி. படிக்க ஆசை. “இன்னும் நாலைந்து வருஷமா? அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன வழி?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் பழங்குடி (எஸ்.டி.) மாணவர் என்றால் வீட்டில் சொல்ல உங்களிடம் ஒரு பதில் உண்டு.

ஒன்றிய அரசின் பழங்குடியினர் விவகார அமைச்சகம் ஆண்டுதோறும் 750 பழங்குடி ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய திட்டம்தான் இது. இப்போது ‘தேசிய ஆய்வு உதவித்தொகை’ என்ற பெயரில் நடக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதுவரையிலான ஆய்வு திருப்தியாக இருந்தால் அதன் பிறகு 42,000. மொத்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். விடுதியில் இடம் இல்லாவிட்டால் வீட்டு வாடகைப்படி தனியாக உண்டு. புத்தகம், களப்பணி போன்றவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையும் வரும். இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. படிப்புக்கான உதவித்தொகை என்பதால் வருமான வரியும் கிடையாது.

நெட் தேர்வில் தேறியிருக்க வேண்டுமா? வேண்டாம். முதுகலை மதிப்பெண்ணை வைத்துத்தான் தேர்வு செய்கிறார்கள். பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவது இது தெரியாததால்தான். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உதவித்தொகைக்குத்தான் நெட் தேவையில்லை. பிஎச்.டி.யில் இடம் தரும் பல்கலைக்கழகம் நெட்டையோ தன் சொந்த நுழைவுத் தேர்வையோ கேட்கலாம். முதலில் இடம், பிறகு பணம். முழுநேரப் படிப்பாகவும் இருக்க வேண்டும், பகுதிநேரத்துக்குக் கிடையாது.

அப்பாவுக்கு அரசு வேலை இருந்தால்? இந்தத் திட்டத்துக்கு வருமான வரம்பு இல்லை, தாராளமாக விண்ணப்பியுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி இடங்கள் உண்டு. மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்கள் இந்தப் பிரிவில் வருகின்றன.

அப்புறம் எங்கே சிக்கல்? சாதிச் சான்றிதழில்தான். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே சான்று தந்துவிடுவார். பழங்குடி என்றால் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். அதற்கு விசாரணை நடக்கும். உறவினர் சான்று, பள்ளி டி.சி., குடும்பத்தின் வழக்கங்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு. கையில் கிடைத்த பிறகும், அதன் மெய்த்தன்மையை மாநில அளவிலான குழு சரிபார்க்கலாம்.

இதில் கொடுமையான ஓர் இடம் இருக்கிறது. மலையாளி என்ற சமூகம் எஸ்.டி. பட்டியலில் மாவட்டப் பெயர்களோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. சேலம், தர்மபுரி பக்கத்தில் இருப்பவருக்குச் சான்று கிடைக்கும். ஈரோடு மாவட்டத்தில் பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கும் அவருடைய சொந்தக்காரருக்குக் கிடைக்காது. பெண் கொடுத்து பெண் எடுப்பவர்களில் ஒருவர் பழங்குடி, இன்னொருவர் இல்லையாம்! பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால்தான் முடியும். அதுவரை அந்த மலையில் எவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் இந்த உதவித்தொகை இல்லை.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தவரா நீங்கள்? 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் உங்கள் சமூகம் இப்போது எஸ்.டி. பட்டியலில் இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய எம்.பி.சி. சான்றிதழ் இனி உதவாது. புதிதாக வாங்குங்கள்.

சான்றிதழிலும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ‘கே. மாரி’ ஓரிடத்தில், ‘மாரி காளன்’ இன்னோரிடத்தில் என்றிருந்தால் விண்ணப்பிக்கும் இணையதளம் ஏற்காது. திருத்தும் வேலையை விண்ணப்பக் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேர்வாகிவிட்டால் பணம் தானாக வந்துவிடுமா? வராது. நீங்கள் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பல்கலைக்கழகம் அவ்வப்போது இணையதளத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்கென்று ஓர் அலுவலர் இருப்பார். அவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளரின் (கைடு) கையெழுத்து தாமதமானால் உங்கள் பணமும் தாமதமாகும். எல்லாம் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் தொகை வராமல் போன மாணவர்கள் நாடெங்கும் உண்டு. ஆகவே இந்தப் பணத்தை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள்.

நடுவில் வேலை கிடைத்தால்? சேரலாம், ஆனால் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சம்பளத்தையும் உதவித்தொகையையும் சேர்த்து வாங்கினால் பிறகு திருப்பிக் கேட்பார்கள்.

750 பேரில் இடம் கிடைக்கவில்லை என்றால் தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை முழுநேர ஆய்வு மாணவர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் தனித் திட்டம் ஒன்று உண்டு. அதில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு வெறும் 20 இடங்கள்தான், வருமான வரம்பு 6 லட்சம்.

உங்கள் தம்பியோ தங்கையோ இப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கான எஸ்.டி. சான்றிதழுக்கு இந்த மாதமே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.